ஃபிட்டர் பழனியாண்டிக்குக் கிடைத்த வைத்தியம்

பந்தலூரிலிருந்து கேரள எல்லைக்கு இறங்கும் சாலையை ஒட்டி இருந்த அந்தத் தேயிலை ஃபேக்டரியில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் முதலில் கூப்பிடுவது பழனியாண்டியைத்தான். ரோலரின் சத்தம் மாறினாலும், ட்ரையரில் சூடு ஏறாவிட்டாலும் அவன் வீட்டுக்கு ஆள் ஓடி வரும். பழனியாண்டி அவசரப்படமாட்டான். மெஷினுக்குப் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பான். பிறகு எங்கே நட்டு தளர்ந்திருக்கிறது என்று கை நீட்டிக் காட்டுவான். பெரும்பாலும் அங்கேதான் தளர்ந்திருக்கும்.

இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்தவன். பதினைந்து வயதில் அங்கே ஃபேக்டரியில் எண்ணெய் போடும் வேலைக்குச் சேர்ந்து, பத்து வருஷத்தில் ஃபிட்டரானான். எழுபத்தைந்தில் இந்தியப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் மனைவி மருதாயியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறினான். மண்டபம் முகாமில் மூன்று வாரம் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். கூட வந்தவர்களெல்லாம் கொழுந்து பறிக்கவும் காடு வெட்டவும் போக, அவனுக்கு மட்டும் ஃபேக்டரியில் இடம் கிடைத்தது. மருதாயி கொழுந்துக்குப் போனாள். ஏழெட்டு வருஷத்தில் அவர்களுக்கு எஸ்டேட்டில் நல்ல பெயர். 'சிலோன் ஃபிட்டர்' என்றால் கூடலூர் வரைக்கும் தெரியும்.

எண்பத்தொன்றின் கடைசியில் அவன் கால் விரலில் ஒரு சின்னப் புண் வந்தது. ஆணி குத்திய புண்தான். இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. தாகம் வேறு தாங்கவில்லை. ஷிப்டுக்கு நடுவில் நாலைந்து தடவை வெளியே போய்விட்டு வருவான். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் அவன் சிறுநீரை மருந்து விட்டுக் காய்ச்சிப் பார்த்தார். நீலமாக இருந்த மருந்து செங்கல் நிறத்துக்கு மாறியது. சர்க்கரை வியாதி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். பழனியாண்டி ஒழுங்காகச் சாப்பிட்டான். புண் ஆறியது. ஆறியதும் மாத்திரையை விட்டுவிட்டான். நாற்பது வயதில் வியாதிக்காரன் என்று பெயரெடுக்க அவனுக்கு விருப்பமில்லை.

அதற்குப் பிறகுதான் மற்றது ஆரம்பித்தது. முதல் தடவை மருதாயியிடம் போய் உடம்பு ஒத்துழைக்காமல் திரும்பியபோது, வேலை அசதி என்று நினைத்துக்கொண்டான். இரண்டாம் தடவை வயிறு சரியில்லை என்று சொன்னான். நாலாவது தடவைக்குப் பிறகு சொல்வதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. மருதாயி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமலிருந்ததே அவனுக்குப் பயமாக இருந்தது. அவன் இரவு ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டான். பகலில் வீட்டுக்கு வந்தால் மருதாயி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். அவள் வீடு திரும்பும் நேரத்துக்கு இவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பஸ் மாறுகிறவர்களைப் போல ஒன்றரை வருஷம் ஓட்டினார்கள்.

எந்த மெஷினையும் பிரித்துப் பார்த்துவிடுகிறவனுக்குத் தன் உடம்பில் எங்கே கோளாறு என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. கடைசியில் எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டும் சுடலைமணியிடம், வேறு யாருக்கோ என்பதுபோலப் பேச்சுக் கொடுத்தான். சுடலைமணியின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்தவர். சுடலைமணி நல்லவன், கேள்வி கேட்காதவன். கூடலூரில் ஒரு லாட்ஜில் மாதம் ஒரு நாள் வைத்தியர் ஒருவர் வந்து உட்காருவதாகச் சொல்லி, லாரியிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

லாட்ஜ் மாடியில் வரிசை இருந்தது. வரிசையில் நின்ற ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. வைத்தியர் பழனியாண்டியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் வாலிப வயதில் கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்ததன் பலன் என்று சொன்னார். ஒரு டின் லேகியம் கொடுத்தார். காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு. பழனியாண்டி அந்தக் கருப்பட்டிப் பாகு லேகியத்தை மூன்று மாதம் சாப்பிட்டான். வயிறு எரிந்தது. தாகம் திரும்பி வந்தது. வேறு எதுவும் திரும்பி வரவில்லை. அதோடு, இல்லாத பழக்கத்துக்கெல்லாம் தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொள்ளும் வேலையும் சேர்ந்துகொண்டது.

அந்த வருஷம், எண்பத்து மூன்று, இலங்கையிலிருந்து இன்னும் குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன. பதுளைப் பக்கத்திலிருந்து சின்னம்மை என்ற பெண் கைக்குழந்தையோடு வந்து அடுத்த வரிசை வீட்டில் குடியேறினாள். புருஷன் இல்லாதவள். கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று அவள் சொல்ல, பழனியாண்டி ஒரு நாள் ஏறிச் சரி செய்து கொடுத்தான். இன்னொரு நாள் கதவுத் தாழ்ப்பாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அது போதுமாக இருந்தது. ஆம்பிளை இல்லாத வீடு, ராத்திரியெல்லாம் வெளியே இருக்கும் புருஷன் என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி சிரிக்க, நடுவில் மருதாயி கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்குப் பின்னால் இருந்த பீன்ஸ் பாத்தியில் பழனியாண்டி கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தான். மகள்கள் இருவரும் குழாயடிக்குப் போயிருந்தார்கள். மருதாயி வந்து அவன் முன்னால் எதையோ வைத்தாள். லேகிய டின். ஸ்பேனர் பெட்டிக்கு அடியில் அவன் ஒளித்து வைத்திருந்தது. டின்னின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் அது எதற்கான மருந்து என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். மருதாயி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்.

"இது யாருக்கு?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான்."

"திங்கிறது நீங்கதான்னு தெரியுது. யாருக்காகத் திங்கிறீங்கன்னு கேக்குறேன்."

பழனியாண்டிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது குச்சியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். தன்னிடம் ஒன்றரை வருஷமாக வராத புருஷன், ஒளித்து வைத்துச் சாப்பிடும் மருந்து, அடுத்த வரிசையில் ஒரு பெண். மருதாயியின் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். அவன் ஒளிந்து திரிந்ததெல்லாம் அவளை வேறு எங்கோ கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

"யாருமில்ல மருதாயி," என்றான். "என்னால முடியல. ஒன்னரை வருசமா முடியல. அத ஒன்கிட்ட சொல்ல வாய் வரல. அதுக்குத்தான் இந்த எழவு."

சொல்லி முடித்ததும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். மருதாயி பாத்தி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தான். அழுகைதான், ஆனால் பாதிக்கு மேல் அது வேறு ஏதோவாக இருந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "நான் என்னா குத்தம் செஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சு எனக்கு மண்டையே வெடிக்கப் பாத்துச்சு. ஒடம்புக்கு முடியலன்னா ஆசுபத்திரிக்குப் போறதில்லயா?"

பழனியாண்டிக்கு, நெஞ்சின் மேல் ஏறி நின்ற ரோலரை யாரோ சங்கிலி போட்டுத் தூக்கியதுபோல இருந்தது. வியாதி அப்படியேதான் இருந்தது. ஆனால் அவன் அதோடு தனியாக இல்லை. அன்று மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியவள் சுசீலா அதை அதிசயமாகப் பார்த்தாள்.

எந்த ஆஸ்பத்திரி என்பதை மருதாயிதான் முடிவு செய்தாள். நாலு வருஷத்துக்கு முன்பு அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தபோது குன்னூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். அங்கே கொர்னேலியஸ் என்று ஒரு சர்ஜன். கத்தி வைப்பதற்கு முன்பு, கழுத்தில் எந்த இடத்தில் எதைச் செய்யப்போகிறார் என்று படம் போட்டுக் காட்டியவர். ஒரு கொழுந்துக்காரிக்குப் படம் போட்டுக் காட்டுகிறவர் சரியான ஆளாகத்தான் இருப்பார் என்று மருதாயி தீர்மானமாக இருந்தாள். திங்கட்கிழமை இரண்டு பேரும் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். கூடலூர், நடுவட்டம், ஊட்டி என்று வளைந்து வளைந்து குன்னூர் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. வழியெல்லாம் பழனியாண்டி டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான்.

ஒத்திகைக்கு வேலை இல்லாமல் போனது. டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் மருதாயியே நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். கொர்னேலியஸ் கோயமுத்தூர்க்காரர். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, விடியற்காலை எழும்போதாவது உடம்பில் அந்த மாற்றம் உண்டா என்று, பசிக்கிறதா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார். இல்லை என்றான் பழனியாண்டி. கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றான். ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. லேகியத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் டாக்டர் முகம் கடுத்தது. சர்க்கரைக்காரன் தினமும் இரண்டு உருண்டை கருப்பட்டி சாப்பிட்டிருக்கிறான்.

"ஏனுங்க பழனியாண்டி, ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்குங்க," என்றார். "இதுக்கும் நீங்க சின்ன வயசுல செஞ்சதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. சர்க்கரை ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுத்துருச்சு. அங்க போக வேண்டிய ரத்தம் போகலை, போனது நிக்கலை. அவ்வளவுதானுங்க. உங்களாட்டம் எத்தனையோ பேர் வர்றாங்க."

பழனியாண்டி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். எத்தனையோ பேர் வருகிறார்கள் என்ற அந்த ஒரு சொல் அவனுக்கு மாத்திரையைவிடப் பெரிதாக இருந்தது.

இன்றைக்கு இதற்கு மாத்திரை வந்துவிட்டது. அன்றைக்குக் கிடையாது. சர்க்கரையை அடக்கினால் கொஞ்சம் தேறலாம், ஆனால் கெட்ட நரம்பு முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய கல்லூரி நண்பர் ஒருவர் அனுப்பிவைத்தது. அதற்கு முன்பு நாலு பேரிடம் காட்டியிருக்கிறார். நாலு பேரும் பெட்டியைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

உள்ளே கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு பக்கம் திறந்து, ஒரு பக்கம் மூடி. மூடிய பக்கத்தில் கையால் இயக்கும் சின்ன பம்பு. கூடவே தடித்த ரப்பர் வளையங்கள். அது என்னவென்று டாக்டர் சொல்வதற்கு முன்பே பழனியாண்டி அதைக் கையில் எடுத்துவிட்டான். பம்பை இழுத்துப் பார்த்தான். திறந்த பக்கத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு மறுபடி இழுத்தான். உள்ளங்கைச் சதை உள்ளே இழுபட்டு உப்பியது. அவன் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது.

"காத்த உறிஞ்சி எடுக்குது. அப்ப ரத்தம் தன்னால உள்ள வரும்," என்றான். பிறகு பம்புக்குப் பக்கத்தில் இருந்த சின்னத் துளையைக் காட்டி, "இந்த வால்வு எதுக்கு சார்? ரொம்ப இழுத்துட்டா காத்து விடுறதுக்கா?" என்று கேட்டான்.

கொர்னேலியஸ் சிரித்துவிட்டார். தான் பத்து நிமிஷம் சொல்ல வேண்டியதை அவன் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டான் என்றார். உள்ளே வந்த ரத்தம் திரும்பி ஓடாமல் நிற்கத்தான் அந்த ரப்பர் வளையம். குழாயிலிருந்து இறக்கி அடியில் மாட்டிவிட்டால், வேண்டிய நேரம் நிற்கும்.

ஆனால் மருதாயியை உள்ளே கூப்பிட்டுத்தான் மீதியைச் சொல்வேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். இது ஒருவர் மட்டும் தெரிந்துகொண்டு செய்கிற காரியம் இல்லை என்பது அவர் கட்சி. மருதாயி வந்து, தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. களிம்பு தடவிக் குழாயைப் பொருத்த வேண்டும். மெதுவாக, விட்டு விட்டு இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் ரத்தம் கட்டும். கொஞ்சம் நீலம் பாரித்து, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். வளையத்தை அரை மணி நேரத்துக்குமேல் ஒருபோதும் விட்டுவைக்கக் கூடாது, மாட்டிக்கொண்டு தூங்கிவிடவும் கூடாது. அங்கே புண் இருந்தால் தொடவே கூடாது. கடைசியாக, ஃபேக்டரியில் இதேபோல ஒன்று செய்து பார்க்கிற எண்ணம் இருந்தால் இங்கேயே விட்டுவிட வேண்டும் என்றார். பழனியாண்டி தலையைக் குனிந்துகொண்டான். எண்ணம் இருந்தது.

எல்லாம் சொல்லி முடித்து, கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார் டாக்டர். மருதாயி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இவருக்கு வலிக்குமா சார்?"

அதிகம் வலிக்காது, இறுக்கிப் பிடித்ததுபோல இருக்கும், வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார் அவர். ஒன்றரை வருஷமாகத் தன்னிடம் வராத புருஷனைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி அது. டாக்டர் கொடுத்தனுப்பிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது பழனியாண்டி அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தான்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்கள் இருவரும் எஸ்டேட் கிளப்பில் தையல் வகுப்புக்குப் போனால் திரும்ப மூன்று மணி நேரமாகும். முதல் ஞாயிறு ஒன்றும் சரிப்படவில்லை. பழனியாண்டி, இவ்வளவு தெரிந்த ஃபிட்டர், களிம்பு போட மறந்துவிட்டான். விளிம்பில் காற்றுக் கசிந்து குழாய் விசில் அடித்தது. அந்தச் சத்தத்துக்கு மருதாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முன்பென்றால் அந்தச் சிரிப்பு அவனைக் கொன்றிருக்கும். அன்று அவனும் சேர்ந்து சிரித்தான். கடைசியில் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து தேத்தண்ணி போட்டுக் குடித்தார்கள்.

இரண்டாம் ஞாயிறு அவசரப்பட்டு இழுத்ததில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. மருதாயி பம்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஒரு வாரம் தொடக்கூடாது என்றாள். டாக்டர் சொன்னது ஒன்றுவிடாமல் அவளுக்குத்தான் நினைவிருந்தது. மூன்றாவது தடவை அவளே பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது இழுங்க, இப்போது நிறுத்துங்க என்று சொல்லிக்கொடுத்தாள். டைம்பீஸை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

அன்று சரியாக வந்தது.

 அரை மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மருதாயி நேரத்தை ஞாபகப்படுத்தினாள். வளையத்தை எடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்துவிட்டு வந்து, பழனியாண்டி அவள் பக்கத்தில் படுத்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் உடம்பில் எங்கேயும் இறுக்கம் இல்லை. எப்போது தூங்கினான் என்று அவனுக்கே தெரியாது. பெண்கள் வந்து கதவைத் தட்டியபோதுதான் எழுந்தான்.

அடுத்த வாரமே ஆபீஸில் சொல்லிப் பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டான். சர்க்கரை மாத்திரையை மருதாயி அவன் கையில் வைத்து, விழுங்கும் வரை நின்று பார்ப்பாள். சீனி வருத்தம் வந்தவருக்குச் சர்க்கரை போடாத தேத்தண்ணிதான் என்று வீட்டில் எல்லாருக்கும் ஒரே பானையில் வெறும் தேத்தண்ணி போட்டாள். லேகிய டின்னைக் குப்பைக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டாள். சின்னம்மையை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். எதற்கு அந்த விருந்து என்று சின்னம்மைக்குக் கடைசி வரை தெரியாது. மலையில் கொழுந்து பறிக்கும்போது யாராவது பழைய பேச்சை எடுத்தால், மருதாயி சிரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவாள்.

ஒரு மாதம் கழித்துக் குன்னூருக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். ஒன்றரை வருஷத்தில் வளையம் இளகிவிட்டது. கேஸ்கெட் ரப்பரில் ஒன்று வெட்டிக்கொள்ளட்டுமா என்று பழனியாண்டி எழுதிக் கேட்க, கண்டிப்பாகக் கூடாது என்று பதிலும் கூடவே புது வளையங்களும் தபாலில் வந்தன. கூடவே ஒரு வேண்டுகோளும் இருந்தது. தன்னிடம் ஒரு நோயாளி வந்திருக்கிறார், சர்க்கரைதான், நண்பர் அனுப்பிய இன்னொரு பெட்டியைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்க்கிறார், நீங்கள் ஒரு தடவை வந்து பேச முடியுமா என்று டாக்டர் எழுதியிருந்தார்.

பழனியாண்டி இரண்டு நாள் யோசித்தான். தன் வாயால் தன் கதையை இன்னொருவனிடம் சொல்வது சின்ன விஷயமில்லை. பிறகு லாட்ஜ் மாடி வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றவர்களை நினைத்துக்கொண்டு கிளம்பினான். அந்த ஆள் முத்துவேல், நடுவட்டத்துக்காரர், பஸ் டிரைவர். ஆஸ்பத்திரித் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். முதல் ஒரு மணி நேரம் எஞ்சினைப் பற்றித்தான். பஸ்ஸில் பிரேக் மிதிக்கும்போது வெற்றிடம் எப்படி வேலை செய்கிறது என்று முத்துவேல் விளக்க, பழனியாண்டி அங்கிருந்து மெதுவாகத் தன் விஷயத்துக்கு வந்தான். களிம்பு மறந்து குழாய் விசிலடித்ததைச் சொன்னபோது முத்துவேல் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது. போகும்போது பெட்டி அவர் பைக்குள் இருந்தது.

இது நடந்து ஏழெட்டு மாதமிருக்கும். ஊட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பழனியாண்டியும் மருதாயியும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நடுவழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கிச் சாலையோரம் மழையில் நின்றார்கள். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் நிரம்பி வழிந்துகொண்டு நிற்காமல் போயின. கடைசியில் ஒரு பஸ் கொஞ்சம் தாண்டிப் போய் பிரேக் அடித்து நின்று, ரிவர்ஸில் வந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏனுங்க ஃபிட்டர், ஏறுங்க, அம்மணியைக் கூட்டிட்டு முன்னால வாங்க," என்றார்.

எஞ்சினுக்குப் பக்கத்துச் சீட்டில் இரண்டு பேருக்கும் இடம் பண்ணிக் கொடுத்தார்கள். சூடாக இருந்தது. முத்துவேல் திரும்பிப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.  வளைவுக்கு வளைவு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார்.

யார் இவர், ஒங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று மருதாயி காதோரமாகக் கேட்டாள்.

"டாக்டர் என்னைப் பேசச் சொன்ன ஆளு," என்றான் பழனியாண்டி.

மருதாயி டிரைவரின் முதுகை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஈரத் தலைப்பைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.